மூக்கின் கீழே நான் சாயம் பூசவில்லை

“பிள்ளை, சாயம் கொஞ்சம் கூடிப்போச்சோ?”

பெரிய வெள்ளி பின்னேரம், கோயில் வளவில் பாஸ்கு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது இராசாத்தி மாமி என்னிடம் கேட்டார். சிலுவையில் யேசுவாக நின்றது என் அண்ணன் ஸ்ரனிஸ்லஸ். சாயம் குழைத்துப் பூசியது நான். நெற்றியிலும் கைகளிலும்தான் பூசினேன். மூக்கின் கீழே பூசவில்லை.

வெயில் காலத்தில் அவனுக்கு மூக்கின் உள்பக்கம் காய்ந்து வெடித்து இரத்தம் வடியும். காலையில் வாஸ்லின் களிம்பு தடவச் சொன்னேன். “யேசு வாஸ்லின் பூசினவரோடி?” என்று சிரித்தான்.

இப்போது அவனுடைய இரண்டு கைகளும் சீலையால் மரத்தோடு கட்டப்பட்டிருந்தன. வானத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய வசனங்கள். அண்ணாந்திருந்ததால் இரத்தம் தொண்டைக்குள் இறங்க, விழுங்கி விழுங்கிப் பேசினான். நடிப்பென்று நினைத்துச் சனம் அழுதது. அவனுக்குப் புரையேறியது.

திரைக்குப் பின்னால் நின்ற, நாடகம் பழக்கிய அண்ணாவியார் மரியநேசனிடம் ஓடினேன்.

“அது உண்மையான இரத்தம். இறக்குங்கோ.”

“இன்னும் ரெண்டு வசனம்தான். பேசாமல் நில்.”

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க ஏலாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அண்ணனுக்கு மறுபடியும் புரையேறியது. மூச்சு வர நேரமெடுத்தது. மேடையில் ஏறினேன். அண்ணன் என்னைக் கண்டு, வேண்டாமென்று தலையசைத்தான். வருஷக்கணக்காய்க் கேட்டுக் கேட்டுக் கிடைத்த வேஷம் அவனுக்கு.

சிலுவையோடு சாத்தியிருந்த ஏணியில் ஏறி அவன் தலையை முன்னால் குனிய வைத்தேன். மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்ற இடத்தை இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கினேன்.

“வாயால மூச்செடு. விழுங்காத, துப்பு.”

“யேசுவுக்கு மூக்குச் சீறி விடுறாளடா!” பின்னாலிருந்து ஒருவன் கத்த, சிரிப்பு எழுந்தது.

“வெங்காயம் மணக்கக் குடுங்கோ!”

“தலையை நிமித்தித் தண்ணி ஊத்து!”

சேவகனாக நடித்த கிருபன் வாளியோடு வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். இப்போது விட்டால் திரும்பவும் முதலிலிருந்து பிடிக்கவேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல், “அருள் நிறைந்த மரியே” என்று கத்தினேன். சனம் பழக்கத்தில் மறுமொழி சொன்னது. கிருபனும் கையை விட்டுச் சிலுவை அடையாளம் போட்டான். செபம் சொல்கிறவளை யார் இழுப்பது? செபமாலையில் மூன்று பத்து முடியும்வரை, பத்து நிமிஷம் போல, என் பிடியைத் தளர்த்தவில்லை.

மெல்லக் கையை எடுத்தேன். இரத்தம் நின்றிருந்தது.

அண்ணாவியார் வந்து கட்டுகளை அவிழ்த்தார். “மிச்சத்தைச் சொல்லுறியோ தம்பி?”

சனம் பாய்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தது.

“இண்டைக்கு மூக்கைச் சீறாத அண்ணா” என்றேன்.

அவன் முள்முடியைக் கழற்றி ஏணியில் கொழுவினான். என்னைப் பார்க்காமல் இறங்கி, சனத்துக்கு நடுவால் கடற்கரைப் பக்கம் நடந்தான்.