முந்நூற்றுப் பதினோராவது விண்ணப்பம்

செபாஸ்டியனுக்கு ஐம்பது வயதாவதற்குப் பதினோரு நாள் பாக்கி இருந்தபோது, அவருடைய முந்நூற்றுப் பதினோராவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது.

அதற்கு முந்தைய முந்நூற்றுப் பத்துக்கும் பதில் வராமல் இல்லை. எல்லாம் ‘வருந்துகிறோம்’. நியூசிலாந்து வருந்தியது. அயர்லாந்து வருந்தியது. பூதக்கண்ணாடி வைத்து வரைபடத்தில் தேட வேண்டிய ஒரு தீவுகூட மெனக்கெட்டு வருந்தியது. அவற்றில் ஒரு கடிதம் அத்தனை அழகாக இருந்ததால் செபாஸ்டியன் அதைத் தமிழாக்கி முகாரியில் மெட்டுப் போட்டார். பட்டாபிராமில் ஒரு கல்யாண வரவேற்பில் ரெனிதா என்ற பெண் அதைப் பாட, மாப்பிள்ளை வீட்டார் விசும்பி விசும்பி அழுதார்கள். மணப்பெண்ணின் அப்பா மறுபடி ஒரு தடவை பாடச் சொன்னார். வேலை கிடையாது என்று சொல்லும் கடிதம் அது என்பது அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது.

பருத்திப்பட்டு மாதா கோயிலில் இருபத்து மூன்று வருடமாக அவர்தான் பாடகர் குழுவின் இசை இயக்குநர். ஆவடியில் வீட்டு வாசலில் ‘இசையமைப்பாளர்’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஒரே மனிதரும் அவர்தான். பக்திப் பாடல் கேசட் போட்டார், கேசட் போனது. சிடி போட்டார், சிடியும் போனது. இப்போது ஆவடியில் பஸ் ஏறுகிற பையன் அம்பத்தூரில் இறங்குவதற்குள் செல்போனிலேயே இரண்டு பாட்டை முடித்துவிடுகிறான். மிச்சமிருந்தது கோயில் ஒன்று. அதுவும் போன மாதம் போனது.

“தப்பா எடுத்துக்காதீங்க செபாஸ்டியன்,” என்றார் பங்குச் சாமியார். “கிறிஸ்துமஸுக்கு முன்னால திருவருகைக் காலத்துல இருந்து பாட்டெல்லாம் மெமரி கார்டுல போட்டுடலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. அதுக்குச் சளி பிடிக்காது. கோவிச்சுக்காது. பூசைக்கு லேட்டா வராது.”

“கூலியும் கேக்காது ஃபாதர்.”

“நான் அதைச் சொல்ல வரல,” என்றார் ஃபாதர், அதை மட்டுமே சொல்ல வந்தவர்போல.

ஆகவே பதில் வந்த அந்த வேலை, வேலை அல்ல, கிணற்றில் விழுந்தவருக்கு நீட்டிய கயிறு. கனடாவில் வருடத்தில் ஏழு மாதம் பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மாதா கோயில். இசை இயக்குநர் தேவை. விசா எடுக்கும் பொறுப்பு கோயிலுடையது. நிபந்தனை இரண்டு. ஒன்று, ஐம்பது வயதைத் தொட்டவர் வேண்டாம். இரண்டு, தன்னுடைய பாடகர் குழுவை வைத்து வீடியோவில் நேரடியாகத் தேர்வு கொடுக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு பாட்டை அனுப்புவார்கள். அதைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து, வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடிக் காட்ட வேண்டும்.

சென்னீர்குப்பம் ஹைவேயில் பங்க்சர் கடைக்கு மேல் மாடியில் பாஸ்கரனின் அலுவலகம். பலகையில் ‘கனடா, ஆஸ்திரேலியா, ஜெராக்ஸ்’ என்று எழுதியிருக்கும். முந்நூற்றுப் பதினொன்றையும் அனுப்பியவர் அவர்தான்.

“சார், பாட்ட வுடுங்க, அது உங்களுக்கு வரும்,” என்றார் பாஸ்கரன். “குளிரு தாங்குவீங்களா? அத்த கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

செபாஸ்டியன் மறுநாளே அயனம்பாக்கத்தில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் அனுமதி வாங்கினார். தினமும் அரை மணி நேரம், கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு, ஐஸ் பாளங்களுக்கு எதிரில் நின்று கையசைத்துப் பயிற்சி செய்தார். அவை ஒழுங்காகக் கவனித்தன. நாலாம் நாள், அக்டோபர் புழுக்கத்தில், மீசையில் பனியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டுச் சரசா அந்தப் பனியைச் சுரண்டி மோரில் போட்டுக்கொண்டாள் என்பது மட்டும் கொஞ்சம் மிகை.

“இன்னாங்க, இப்படி நடுங்கிகினு கீறீங்க?” என்றாள் மனைவி ஞானகுமாரி.

“பழகிக்கறேன் குமாரி.”

“கனடாக்குப் போறதுக்குள்ள மேல போயிடப் போறீங்க.”

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அறுபது தையல் மிஷின்கள் ஒரே நேரத்தில் இரைகிற கூடத்தில் வேலை. வீட்டில் அடுப்பு எரிவது அந்த இரைச்சலால்தான். அது செபாஸ்டியனுக்குத் தெரியும்; அதனால் சோற்றுத் தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்.

“ஐம்பது ஆயிட்டா என்னை எவன் கூப்பிடுவான் குமாரி? சாவு ஊட்டுலகூட இப்ப ஸ்பீக்கர் வெச்சிட்டானுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா எனக்கு?”

“தெரியாது,” என்றாள் அவள் உண்மையை. பிறகு அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தேர்வு. கோயில் ஹாலில் இருபத்திரண்டு பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். கடைசி வரிசையில் கோவிந்தன். அவர் கிறிஸ்தவர் அல்ல, லேத்துப் பட்டறைக்காரர். அவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரே சுவர். பத்தொன்பது வருடம் முன்னால் ‘ஒரே சத்தம், தூங்க முடியலை’ என்று சண்டை போட வந்தவரின் குரலைக் கேட்டு, செபாஸ்டியன் அப்படியே பிடித்து நிற்க வைத்துவிட்டார். கோவிந்தன் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் பருத்திப்பட்டு ஏரியில் நீர்க்காகங்கள் கும்பலாக எழும்பும். பிரசங்க நேரத்தில் அவர் கொட்டாவி விடக்கூடாது என்று கமிட்டியில் தனியாகத் தீர்மானமே உண்டு.

ஐந்தரைக்குப் பாட்டு வந்தது. லத்தீன். இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர் செபாஸ்டியன் ஒருவர்தான். ஒவ்வொரு குரலின் வரியையும் பாடிக் காட்டினார். உள்ளங்கை வியர்வையில் காகிதம் நைந்தது. சனிக்கிழமை ஷிப்டு சீக்கிரமே முடிந்து நேராக வந்திருந்த ஞானகுமாரி, பழுப்புச் சேலையோடு இரண்டாவது வரிசையில் தன் வழக்கமான இடத்தில் போய் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டரே, பயப்படாதே,” என்றார் கோவிந்தன். “உன்ன ப்ளேன்ல ஏத்தி வுட்டுட்டுதான் மறு வேல.”

“அவ்ளோ ஆசையா உனக்கு?”

“பின்ன? ஞாயித்துக்கிழமையாவது தூங்கலாமே அண்ணாத்தே!”

லேப்டாப்பில் மூன்று முகங்கள் தெரிந்தன. ஒரு பாதிரியார், வெள்ளைத் தலைமுடிக் கிழவி, சிவப்பு ஸ்வெட்டரில் கடைசிவரை வாயே திறக்காத ஒருவர். செபாஸ்டியன் சிலுவை போட்டுக்கொண்டு கையை உயர்த்தினார்.

இருபத்து மூன்று வருடத்தில் அவர்கள் அப்படிப் பாடியதில்லை. நாலு குரலும் நாலு நூலாகப் புறப்பட்டு ஒரே துணியாக வந்தது. கோவிந்தன் கடைசி சுரத்தில் இறங்கியபோது வெளியே ஏரிப் பறவைகள் எழும்புகிற சத்தம் கனடாவரை கேட்டிருக்கும். செபாஸ்டியனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பிரமாதம்,” என்றாள் கிழவி ஆங்கிலத்தில். “மிஸ்டர் செபாஸ்டியன், இப்போது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அவர்கள் மட்டும் பாடட்டும்.”

கையைக் கட்டிக்கொண்டார். பாடினார்கள். ஒரு மயிரிழை பிசகில்லை. ‘என்னுடைய பயிற்சி எப்படி?’ என்பதுபோல லேப்டாப்பைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினார்.

கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “இரண்டாவது வரிசையில் பழுப்பு உடை அணிந்த அம்மையார், வெளியே போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். நீங்கள் கையைத் தூக்குங்கள்.”

ஞானகுமாரி குழப்பத்தோடு வெளியே போனாள். செபாஸ்டியன் கையைத் தூக்கினார்.

முதல் வரிசையில் ரெனிதா முன்னாலேயே புறப்பட்டாள். நடுக்குரல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரண்டு பேர் பாதியிலிருந்து தொடங்கினார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லி முடித்தேவிட்டார். கோவிந்தன் எங்கே நுழைவது என்று தெரியாமல் நுழைந்ததில் ட்யூப்லைட் இரண்டு அணைந்தது. செபாஸ்டியன் ஒரு கையை விட்டு இரண்டு கையாலும், பிறகு தோளாலும், கடைசியில் நிற்காமல் போகிற பூந்தமல்லி பஸ்ஸை மறிப்பவர்போல உடம்பு முழுவதாலும் இயக்கினார். ஒருவர் கண்ணும் அவர்மேல் இல்லை. எல்லாக் கண்ணும் வாசற்படியில் இருந்தது.

“போதும். நன்றி. தெரிவிக்கிறோம்,” என்றாள் கிழவி. திரை கறுத்தது.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். கோவிந்தன் மட்டும் நாற்காலி அடுக்குகிற சாக்கில் நின்றார்.

“கோவிந்தா, நீங்கள்லாம் இத்தினி நாளா எதைப் பாத்துப் பாடினீங்க?”

“நெசமாவே உனக்குத் தெரியாதா அண்ணாத்தே?” கோவிந்தன் தலையைச் சொறிந்தார். “அண்ணியோட தாடைதான். மேல போனா மூச்ச இழுக்கணும். கீழ வந்தா பாடணும். அவங்க கம்பெனில மிஷின் சத்தத்துல வாயால சொன்னா எவனுக்குக் கேக்கும்? தாடைலதான் வேல வாங்குவாங்களாம். அத்தையே இங்கயும் புடிச்சிகினோம்.”

“அப்ப என் கை?”

“அது பாட்டுக்கு ஆடும், பாவம். நாங்க ஒண்ணும் சொல்றதில்ல.”

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஐம்பதுக்கு இன்னும் இரண்டே நாள். பாஸ்கரன் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, இல்லாத எதையோ தேடி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

செபாஸ்டியன் அவர்களுக்கு வழக்கம்போல வருந்துகிறோம். ஆனால் விண்ணப்பத்தோடு வந்த பாடகர் பட்டியலில் பதினான்காவதாக உள்ள ஞானகுமாரி அம்மையாரை இசை இயக்குநராக ஏற்க விரும்புகிறோம். அவருக்கு வயது நாற்பத்தாறு என்று பட்டியல் சொல்கிறது, ஆட்சேபம் இல்லை. விசா எங்கள் பொறுப்பு. அவருக்குக் கணவர் யாரேனும் இருப்பின், அவரும் உடன் வரலாம்.

“கணவர் யாரேனும்,” என்று வாய்விட்டுப் படித்தார் செபாஸ்டியன்.

“சார், அதுக்கு வயசு வரம்பே கிடையாது சார்,” என்றது மேஜைக்கு அடியிலிருந்து பாஸ்கரனின் குரல்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். ஹைவே ஓரத்தில் அதை நாலாகக் கிழித்தார். லாரிக் காற்று பெங்களூர்ப் பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். ஐம்பதுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஒரு மெமரி கார்டும், ஒரு தட்டில் அவள் வைக்கிற மீனும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மாடி ஏறினார்.

“இன்னொரு பிரிண்டு,” என்றார்.

பாஸ்கரன் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

ஆறு மணிக்குக் கம்பெனி கேட் திறந்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். உள்ளே அடுத்த ஷிப்டுக்கு மிஷின்கள் இரையத் தொடங்கியிருந்தன.

“இங்க இன்னா பண்றீங்க?” ஞானகுமாரி பதறிப்போய் வந்தாள். “யாருனா செத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

காகிதத்தைக் கொடுத்தார். அவள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தாள்.

“என் பேரு போட்டுகீது.”

“ஆமா.”

“தப்பாப் போட்டுட்டாங்களா?”

“இல்ல குமாரி. இப்பதான் ஒருத்தி சரியாப் போட்டிருக்கா.”

அவள் இன்னொரு முறை படித்தாள். “நல்லா கீதே கத! ஒரு நாள் லீவு கேட்டாலே மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கறான், இவங்க கனடாக்குக் கூப்புடறாங்க. எனுக்கு நோட்ஸு படிக்கவே தெரியாதே?”

“நான் படிச்சி ஊட்டுல சொல்லித் தரேன். அங்க போயி நீ தாடைய மட்டும் ஆட்டு.”

“நீங்க?”

“கடைசி வரிசைல நிக்கறேன். பாடச் சொன்னாப் பாடறேன். வேணாம்னா புக்கு எடுத்துக் குடுக்கறேன். வாசல்ல பனிய வாரிக் கொட்டறதுக்கு ஆள் தேவைப்படும். எனக்குக் குளிர் பழகிடுச்சி குமாரி, ஐஸ் ஃபேக்டரில கேட்டுப் பாரு.” அவள் டிபன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். “என்னை இங்க வுட்டுடாத.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். “இத்தக் கிழிச்சிப் போட்டிருந்தா எனுக்குத் தெரிஞ்சே இருக்காதே? ஏன் சொன்னீங்க?”

“கிழிச்சேன். அப்புறம் மறுபடி எடுத்தேன்.”

அவள் கம்பெனிப் பக்கம் திரும்பினாள். அவளுடைய அறுபது மிஷின்களும் அவள் இல்லாமல் இரைந்துகொண்டிருந்தன. பெண்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவள் காகிதத்தை எட்டாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பதில் கேட்டு நெருக்கினால் காரியம் கெட்டுவிடும் என்று செபாஸ்டியனுக்குத் தெரிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டார். இருபத்து மூன்று வருடமாக மற்ற இருபத்தோரு பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அவர் முதல்முறையாகப் பார்த்தார். சின்னத் தாடை. இடது ஓரத்தில் ஒரு மச்சம். மச்சம் இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் வந்தது.

தாடை மெல்ல மேலே போனது.

செபாஸ்டியன் மூச்சை இழுத்தார்.