அயல்நாட்டார் இறங்கக் கூடாது

கார்ல்ஸ்க்ரூனா நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதுமே மைக்கெனுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. எதிரே கடலுக்குள் இருக்கும் ஆஸ்பே தீவில் பிறந்தவள் அவள். படித்தது, முதல் வேலை, கல்யாணம் எல்லாம் இந்தக் கடற்படை ஊரில்தான். அப்படிப்பட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் கணவன் போலெக் நிலையத்து வாசலிலேயே சுற்றுலா வரைபடம் ஒன்றை எடுத்து விரித்துவிட்டான்.

"உனக்கு எதுக்கு வரைபடம்? ரெண்டு வருஷம் இங்க ரொட்டி சுட்டவன்தானே நீ?"

"சுட்டேன், தூங்கினேன், மறுபடி சுட்டேன். ஊரை எங்க பார்த்தேன்? இன்னிக்கு நான் டூரிஸ்ட். நீயும் கொஞ்சம் டூரிஸ்ட்டா இரேன், மைக்கி."

போன வாரம்தான் அவனுக்கு எழுபது முடிந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பே தீவில் இருக்கும் தன் அப்பா அம்மா கல்லறைக்கு அவன் ஒரே ஒரு தடவை வர வேண்டும். அவன் ஒத்துக்கொண்டான். முதலில் ஊர், பிறகு தீவு என்று நிபந்தனை போட்டான். காலையிலேயே சந்தையில் அவள் வாங்கிய ஊதாப் பூச்செடி ஒன்று, தொட்டியோடு அவள் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் அவன் அந்தத் தீவில் கால் வைக்காததற்குக் காரணம் என்று அவள் நம்பியது இதுதான். அந்தக் காலத்தில் இந்தத் தீவுகள் எல்லாம் ராணுவக் காவல் பகுதி. வெளிநாட்டுக் குடிமக்கள் அனுமதியில்லாமல் போக முடியாது. போலெக் போலந்துக்காரன், அப்போது சோவியத் கூட்டணியில் இருந்த நாடு. அவர்களுக்குக் கல்யாணமான அதே இலையுதிர் காலத்தில், எண்பத்தொன்றில், சோவியத் நீர்மூழ்கி ஒன்று ஊருக்குப் பக்கத்துப் பாறையில் வந்து ஏறி நின்றது. அதற்குப் பிறகு ஊரே சந்தேகத்தில் இருந்தது. மூன்று மாதம் கழித்து, கடற்படைக் கோட்டையில் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா யால்மார் இறந்துபோனார். சாவுக்குப் போக அனுமதி கேட்டதாகவும், ஆபீசில் முடியாது என்றுவிட்டதாகவும் போலெக் வந்து சொன்னான். அவள் தனியாகப் படகேறிப் போய் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குப் பிடித்த கோபம். மறு வருடமே மால்மே நகரத்துக்குக் குடிபோனார்கள். அங்கிருந்து பத்திரிகைகளுக்கு எழுதினாள், நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினாள். சீருடை போட்ட யாராவது விருந்துக்கு வந்தால் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சட்டத்தை நீக்கிப் பல வருடமாகியும் அவள் கோபத்தை நீக்க யாராலும் முடியவில்லை. அதற்குப் பிறகும் அவன் தீவுக்குப் போகாததை, அவமானப்பட்டவனின் ரோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

அப்படி ஒரு கோபத்தைச் சுமந்துகொண்டு வந்தவள், பெரிய சதுக்கத்தில் காற்று தலைமுடியைப் பிய்க்க நின்றுகொண்டிருந்தாள். போலெக் இரண்டு தேவாலயங்களையும் மாறி மாறிப் படம் எடுத்தான். கடற்படையின் சிவப்பு மரக் கோயிலுக்குப் போய், வாசலில் உண்டியலாக நிற்கும் பிச்சைக்கார மரச்சிலையின் தொப்பியைத் தூக்கி ஒரு காசு போட்டான். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் போட்டான். ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு திரித்த நீளக் கட்டடத்துக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து போனான். திரும்பி வந்து, அடி எண்ண மறந்துவிட்டேன் என்று மறுபடி போனான்.

"கயிறே இல்லாத கயிற்றுக் கொட்டாய். இதுல என்னத்தைத் தேடுற?"

"முந்நூறு மீட்டர்ங்கறாங்க. சரியான்னு பார்க்க வேணாமா?"

"உன் பேக்கரிக் கணக்கையே ஒழுங்கா பார்க்காதவன், அரசர் கட்டினதை அளக்க வந்துட்டான்!"

அருங்காட்சியகத்தில் கடலுக்கடியில் போகும் கண்ணாடி நடைக்குள் அரை மணி நேரம் நின்றான். மூழ்கிய கப்பலின் கட்டைகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மீனைத் தவிர. அந்த மீன்கூடப் போய்விட்டது, அவன் போகவில்லை. மதியம் வறுத்த மத்தி மீனும் மசித்த உருளைக்கிழங்கும் வாங்கி, ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டு ஓரத்தில் அடுக்கினான். ஒரு மணிப் படகு போயிற்று. இரண்டு மணிப் படகும் போயிற்று. வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஏன் என்று மட்டும் புரியவில்லை.

படகுத்துறைக்குப் போகும் வழியில்தான் அந்தக் கடை இருந்தது. மாலுமித் தொப்பி, சங்கு, கலங்கரை விளக்கம் வரைந்த கோப்பை. அவற்றுக்கு நடுவில் ஒரு கம்பி நிறைய மஞ்சள் தகரப் பலகைகள் தொங்கின. காவல் பகுதி, அயல்நாட்டார் இறங்கக் கூடாது என்று ஆறு மொழிகளில் எழுதியிருந்தது. அந்தக் காலத்துப் பலகையின் அதே எழுத்து, அதே மஞ்சள். பெரிதும் உண்டு, குளிர்பெட்டியில் ஒட்டிக்கொள்கிற சின்னதும் உண்டு. ஜெர்மன்காரத் தம்பதி பெரிய பலகையை நடுவில் பிடித்துக்கொண்டு, கைதிகள் மாதிரி கையைத் தூக்கிப் படம் எடுத்துச் சிரித்தார்கள்.

மைக்கெனுக்குக் காது இரண்டும் சூடாயின. நேராகக் கடைக்காரப் பெண்ணிடம் போனாள். சட்டையில் தின்ட்ரா என்று பேர் குத்தியிருந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும்.

"இது என்ன வேடிக்கையா?"

"அதுவா? அதுதாங்க எங்க கடையிலேயே நல்லாப் போற சரக்கு," என்றாள் தின்ட்ரா சந்தோஷமாக. "பழைய காலத்து அசல் பலகையோட நகல். ரொம்ப க்யூட்டா இருக்கு, இல்ல?"

"க்யூட்டா? இந்தப் பலகையால ஒரு மனுஷன் தன் மாமனார் சாவுக்குப் போக முடியல, தெரியுமா உனக்கு? சவப்பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறைஞ்சு, பக்கத்துத் தெருத் தபால்காரனைக் கூப்பிட்டோம். அதைத்தான் நீ குளிர்பெட்டியில ஒட்டச் சொல்ற!"

"எனக்குத் தெரியாதுங்க... நான் அப்பப் பிறக்கவே இல்ல."

"பிறக்கலேன்னா படி! இல்லேன்னா யார்கிட்டயாவது கேளு! கேட்டுட்டு விக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணு!"

ஜெர்மன்காரர்கள் பலகையை மெதுவாகத் திரும்ப மாட்டிவிட்டு நகர்ந்தார்கள். தின்ட்ரா கல்லாவுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளிப் போனாள். மைக்கென் நிறுத்துகிறவளாக இல்லை. முதலாளி யார், போன் நம்பர் என்ன என்று அவள் ஆரம்பிக்கும்போது, போலெக்கின் கை அவள் தோளுக்கு மேலாக நீண்டது. அதில் ஒரு சின்னப் பலகை இருந்தது.

"இதுல ஒண்ணு கொடும்மா. பை வேணாம்."

கடையை விட்டு இருபது அடி தள்ளி வந்ததும் அவள் வெடித்தாள்.

"வெக்கமா இல்ல? உனக்காகத்தானே நான் அங்க தொண்டை கிழியக் கத்தினேன்! நீ போய் அதையே வாங்குற!"

"அந்தப் பொண்ணு அழுதிடும் போல இருந்துச்சு."

"அழட்டும்!"

"அப்புறம், இந்த ஊர்ல என்னைப் பத்தி எழுதி வச்ச பலகை இது ஒண்ணுதான். என்கிட்ட இருக்கட்டும்." அவன் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கார் ஏற்றும் மஞ்சள் படகு வந்து, பாலத் தகட்டை இறக்கியது. மூன்று கார்கள், ஒரு டிராக்டர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். மைக்கென் படகுக்குள் நடந்தாள். திரும்பிப் பார்த்தாள். போலெக் கரையிலேயே நின்றான்.

"வா."

"நான் வரல, மைக்கி."

"விளையாடாத. வா."

"வரல. காலையிலேர்ந்து சொல்லப் பார்க்கறேன், தைரியம் வரல. கயிற்றுக் கொட்டாயில ரெண்டு தடவை நடந்தது அதுக்குத்தான்."

அவள் கரைக்கு இறங்கி வந்தாள். "எதைச் சொல்ல?"

"எனக்கு அனுமதி மறுக்கல. நான் மனுவே போடல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நவம்பர்ல உங்கப்பா பேக்கரிக்கு வந்தார். பின்வாசல்ல நின்னார். கையில பேப்பர்ல சுத்தின விலாங்கு மீன், புகைபோட்டது, எனக்காம். கோட்டையில அவரைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க, உன் மருமகன் போலந்துக்காரனாமேன்னு. கிடங்கு சாவி அவர் கையில இருக்கு, இன்னும் மூணு வருஷத்துல ஓய்வு. 'நீ மனு போட்டா என் பேர் தாள்ல ஏறும். எதுக்காகவும் தீவுக்கு வராத. மகளுக்கும் தெரிய வேணாம்'னார். சரின்னுட்டேன். கை குலுக்கினார்."

"பொய் சொல்ற."

"பொய் சொன்னது அன்னிக்கு. இன்னிக்கு இல்ல."

"அவர் செத்துட்டாரே! செத்தவருக்கு என்ன வேலை போகப் போகுது? அப்ப மனு போட்டிருக்கலாமே!"

"போட்டிருக்கலாம்," என்றான் போலெக். அவன் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "மனசில்ல. என்னை வீட்டு வாசப்படி ஏறாதேன்னு சொன்ன மனுஷனை எதுக்கு நான் தோள்ல தூக்கணும்? எனக்குக் கோபம், மைக்கி! உனக்கு மட்டும்தான் கோபம் வருமா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுதுகிட்டிருந்த. அன்னிக்கு எப்படிச் சொல்றது? அப்புறம் ஆபீஸ்காரங்களைத் திட்ட ஆரம்பிச்சே. நல்லாவே திட்டினே. அப்படியே விட்டுட்டேன். நாள் போகப் போக உன் கோபம் வீடு முழுக்க உட்கார்ந்துக்கிச்சு. சோபாவுல அது, சாப்பாட்டு மேஜையில அது. என் கோபத்துக்கு உட்கார ஒரு முக்காலி இல்ல."

"நாப்பத்திரெண்டு வருஷம் தப்பான ஆளைத் திட்டியிருக்கேன்!"

"முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. சட்டம் போட்டது அவங்கதானே."

படகுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏறுறீங்களா, இல்ல அங்கயே சண்டை போடுறீங்களா? எனக்கு நேரமாச்சு," என்றார்.

அவனைப் பிடித்து அந்தத் தண்ணீரில் தள்ளினால் என்ன என்று மைக்கெனுக்குத் தோன்றியது. தள்ளவில்லை. படகில் ஏறினாள். இருபத்தைந்து நிமிடமும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டை இருந்த தீவு தூரத்தில் தெரிந்தது. அப்பா தினமும் காலையில் அங்கே போய், மாலையில் எண்ணெய் வாசனையோடு திரும்பி வந்தது நினைவுக்கு வந்தது. அவர் பல் இடுக்கில் சீட்டியடிப்பது நினைவுக்கு வந்தது. அவை எல்லாவற்றின் மேலும் ஆத்திரமாக வந்தது.

தேவாலயத் தோட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கல். யால்மார், இங்கெயெர்ட். செடியை வைக்கக் குனிந்தவள், குனிந்தபடியே கத்தினாள்.

"ஒரு விலாங்கு மீனுக்கு என் புருஷனை விலை பேசினியா? என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? நான் உன் மகதானே! உனக்காக ஊர்ல இருக்கிற ஒவ்வொரு சீருடையையும் வெறுத்தேனே!"

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. கடைசிக் காலத்தில் மால்மே வீட்டில் இருந்தபோது, எப்போதும் போலெக் தட்டில்தான் பெரிய துண்டை வைப்பாள். அவன் கையை அடிக்கடி பிடித்துக்கொள்வாள். வயதான பாசம் என்று மைக்கென் நினைத்திருந்தாள். இல்லை. அம்மாவுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கத்திக்கொண்டு திரிந்த முட்டாள் அவள் ஒருத்திதான்.

இரண்டு கல் தள்ளி ஒரு பெண் காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்வதே சரி. மைக்கென் செடியோடு அவளிடம் போனாள்.

"இது உங்களுக்கு வேணுமா?"

"ஏன், அவங்களுக்கு வைக்கலையா?"

"இன்னிக்கு இவங்களுக்கு எதுவும் கிடையாது."

அந்தப் பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐந்தரை ரயிலில் போலெக் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மைக்கென் அவன் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பி, ரோனெபீ நிலையத்தைத் தாண்டியது.

"உன்மேலயும் கோபம்தான்," என்றாள் அவள் கடைசியில். "அது தீராது. இப்பச் சொல்லு."

"எதை?"

"உன் கோபத்தை. முழுசா. ஒண்ணு விடாம."

அவன் பின்வாசலில் நின்ற மாமனாரிடமிருந்து ஆரம்பித்தான். கல்யாண விருந்தில் யாரோ அவன் உச்சரிப்பைச் சொல்லிக்காட்டிச் சிரித்தது, பேக்கரி முதலாளி அவனை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடாதது, அவள் அம்மாவின் அடக்கத்தன்று வேலை நேரம் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது, அவள் பத்திரிகைக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அவனே தபாலில் சேர்த்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து இருக்கைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போலெக் அவரையும் ஒரு முறை முறைத்தான்.

மைக்கென் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நடுவில் நான்கு தடவை வாய் திறந்து மூடினாள். ஹெஸ்லேஹோல்ம் நிலையத்தில் ரயில் பத்து நிமிடம் நின்றது, அவன் பேச்சு நிற்கவில்லை.