முப்பத்தொன்றாம் குழாய்

ரூபா பேருந்திலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். திருப்பதி ஆய்வகத்தில் என் கணவர் முனிகிருஷ்ணனோடு வேலை செய்த பெண். அவர் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்து ஏழு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்து ஓய்ந்துவிட்டார்கள். இவள் ஒரு காகிதத்தோடு வந்திருந்தாள்.

அதில் மரம் போல ஒரு படம். உண்ணி கடித்து மாட்டின் ரத்தத்திலும் மானின் ரத்தத்திலும் ஏறும் கிருமிகள் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். அவற்றின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்தால்தான் இனம் பிரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாட்டுக் கிருமிகள் ஒரு கிளை, மான் கிருமிகள் இன்னொரு கிளை. மான்களின் கிளையில் ஒரே ஒரு மாடு இருந்தது. குழாய் எண் முப்பத்தொன்று.

"அண்ணன் எடுத்த சாம்பிள்க்கா. மான் ட்யூபுல மாடுன்னு மாத்தி எழுதிட்டார்னு சார் சொல்றாரு. ஓனர் பேர் இல்ல. தேதியப் பார்த்தா வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைல எந்த ஊட்டுல மாட்டு ரத்தம் எடுக்க உடுவாங்க? இது தப்புன்னா அவர் எடுத்த எதையும் நம்ப முடியாதுன்னு மொத்தத்தையும் தூக்கிடுவாங்க. ரெண்டு வருசம் காடுகாடா சுத்தினாரேக்கா."

பக்கத்தில் அத்தை பொன்னியம்மா, என் கணவரைப் பெற்றவர், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆய்வகக் கதையில் அவருக்கு அக்கறையில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவருக்கு எடுக்க வேண்டிய கணக்கில் ஒரு மாட்டின் ரத்தம் குறைந்தது. நம் மாடும் காட்டோரம்தானே மேய்கிறது என்றார். இன்றைக்கு வேண்டாம் என்றேன். "எங்கம்மா கோயிலுக்குப் போய்க்கினு இருக்குது. வர்றதுக்குள்ள முடிச்சுடலாம், புடி. நீ சொல்லலன்னா மாடா சொல்லப்போவுது?" என்று சிரித்தார். பிடித்தேன். நான்காம் நாள் புத்தூர் ரோட்டில் லாரி மோதியது. யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. கிழமையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லை என்று தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"அது எங்க மாடுதான் ரூபா," என்றேன். அத்தைக்குக் கேட்கும்படியே சொன்னேன். "நான்தான் புடிச்சுக்கினு இருந்தேன்."

கடலை உரிக்கும் சத்தம் நின்றது.

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா அத்தே."

"நான் கோயிலுக்குப் போன அன்னிக்கா?"

"ஆமா."

ரூபா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இந்த மாட்டு ரத்தத்த இன்னொருவாட்டி எடுத்துப் பார்த்தா அண்ணன் எழுதினது சரியான்னு தெரிஞ்சிடும்க்கா. அந்தக் கிருமி ரத்தத்துலயே ரொம்ப நாள் தங்கிக்கினு இருக்கும்," என்றாள்.

அத்தை மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டிப் போய் மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் எடுத்தான்?"

கழுத்தின் இடது பக்கத்தைக் காட்டினேன். அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஈயை உதறுவதுபோல மாட்டின் தோல் சிலிர்த்தது. அவர் விரலை எடுக்கவில்லை.