மெல்லக் கரையும் மாத்திரை

மகள் செய்த மாத்திரை என்று அப்பா தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். தபால்காரர்கூடத் தப்பவில்லை.

ரத்த அழுத்தத்துக்கான பழைய மருந்துதான். அதை ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வைத்ததுதான் அவள் கெட்டிக்காரத்தனம். அதற்காக ஆறு வருடம் ஆய்வகமே கதி என்று கிடந்தாள். மேல்பூச்சுக்கு அந்த இளநீலத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். ஒரே குறை, மாத்திரை பெரிது.

"இன்னும் ஒரு வருஷம் குடுங்க சார், பாதியாக்கிடறேன்" என்று மேலாளரிடம் கெஞ்சினாள். எதற்கெடுத்தாலும் தேதி சொல்கிற அவருக்கு ஆய்வகத்தில் காலண்டர் என்று பெயர்.

"ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சா தானா இறங்கும்மா. நாம லேட் பண்ணா அடுத்த கம்பெனிக்காரன் முந்திக்குவான்."

மாத்திரை கடைக்கு வந்தது. அவளை மேடையேற்றிக் கண்ணாடிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினார். மறுவாரமே டாக்டரிடம் கேட்டு அவரும் அந்த மாத்திரைக்கு மாறினார்.

அப்புறம் ஒரு நாள் காலை, குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். நெற்றியில் தையல். அழுத்தம் அதலபாதாளத்தில். "என் மாத்திரையா இருக்காது டாக்டர், அது மெதுவாத்தான் இறங்கும்" என்று அவள் மல்லுக்கு நின்றாள்.

அப்பாவுக்கு மாற்றுச் சட்டை எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் ஒரு தட்டு கண்ணில் பட்டது. வெள்ளைப் பொடி. நடுவே இளநீலத் துணுக்குகள். பக்கத்தில் கவிழ்ந்திருந்த டம்ளரின் அடியிலும் நீலம்.

"பொடிச்சா சாப்பிட்டீங்கப்பா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் திருதிருவென்று விழித்தார். "தொண்டையில மாட்டுதும்மா. சொன்னா உன் மனசு நோகுமேன்னு... ஆனா ஒண்ணு, பொடிச்சா என்ன வேகம் தெரியுமா! அரை மணியில உடம்பே ஜில்லுனு ஆயிடுது. எதிர்வீட்டு அத்தைக்கும் டாக்டர் உன் மாத்திரையைத்தானே எழுதியிருக்கார்? அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

எந்த வேகத்தைத் தடுக்க ஆறு வருடம் மாரடித்தாளோ, அதற்குத்தான் இந்தப் பாராட்டு. ஒரு நாள் மருந்து மொத்தமும் அரை மணியில் இறங்கியிருக்கிறது. அவள் வெளியே வந்து காலண்டருக்குப் போன் போட்டாள்.

"அடடா, அப்பா இப்ப எப்படி இருக்கார்?" அவர் நிஜமாகவே பதறினார். "பொடிக்கக் கூடாதுன்னு அட்டையில போட்டிருக்கோமே?"

"பொடி எழுத்துல இருக்கு சார். மாத்திரையச் சின்னதாக்கணும்."

"எழுத்தப் பெருசாக்கிடலாம்மா. அடுத்த மாசம் பதினஞ்சுக்குள்ள."

அவள் ஆட்டோ பிடித்துத் தெருவுக்கு வந்து, நேரே எதிர்வீட்டுக்கு ஓடினாள். அத்தை கதவைத் திறந்தபோது கையில் குழவி இருந்தது.

"அத்தை, பொடிக்காதீங்க! ஆபத்து!"

"ஐயையோ, நல்லவேளை சொன்ன." அத்தை நீல மாத்திரையை உள்ளங்கையில் வைத்து மிரட்சியோடு பார்த்தாள். "அப்ப இந்தக் குண்டை எப்படித்தான் முழுங்கறது? செஞ்சவ நீ, நீயே சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடிங்க அத்தை."