ஷரீஃபாவின் இரண்டாம் பரீட்சை

1968இல் முழுப் பரீட்சை முடிந்த வாரம். தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வழியில் கட்டைப் பிரிக்கக் கூடாது. பல்லாவரத்தில் இறங்குவதற்குள் நாலு தாளாவது திருத்திவிடலாம் என்று நான் மின்சார ரயிலில் பிரித்தேன். குரோம்பேட்டை தாண்டியதும் காற்றில் ஒரு தாள் ஜன்னல் வழியே போய்விட்டது. எட்டாம் வகுப்பு ஷரீஃபாவின் கணக்குத் தாள். நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை தபீதாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"ஷரீஃபா கணக்குல பெயில்மா. பாவம், இன்னொரு தடவை எழுத விடலாமா?"

"உனக்குத்தான் ஹில்டா இந்த இரக்கம் வரும்" என்றார். அன்றே ஷரீஃபா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்.

அன்று இரவு ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். ஜெபிக்காமலே எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தபீதாள் அம்மாவின் அறையில், அவர் முன்னால், ஷரீஃபா உட்கார்ந்து எழுதினாள். கண்கள் வீங்கியிருந்தன. அங்கேயே திருத்தினேன். தொண்ணூற்றொன்று.

வெளியே காத்திருந்த அவளுடைய அப்பா பாட்சா உள்ளே வந்தார். தோல் கிடங்கில் வேலை செய்பவர். கையில் பேரீச்சம்பழப் பொட்டலம்.

"பெயில்னதும் இஸ்கூலை நிறுத்திடலாம்னு இருந்தேன் டீச்சரம்மா. வூட்டு வேலை கத்துக்கினா போதும்னு. நீங்கதான் இன்னொரு சான்ஸ் குடுத்தீங்க. அல்லா உங்களை நல்லா வெச்சிருப்பான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

ஷரீஃபா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கும் இப்படித்தான் டீச்சர் எழுதினதா ஞாபகம். எல்லாம் சரின்னு வூட்ல சொன்னேன். பொய் சொல்றேன்னு அப்பா அடிச்சாரு. தப்பா எழுதினதுகூட எனக்குத் தெரியல பாருங்க. இனிமே சரியா தப்பான்னு நான் எப்படி டீச்சர் கண்டுபிடிக்கறது?"

கர்த்தர் என்னிடம் வேறு எப்படிக் கேட்பார்? பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன்.

"நீ பெயிலாகல ஷரீஃபா. உன் தாளை ரயில்ல தொலைச்சது நான்."

மூவரும் கேட்க முழுவதையும் சொன்னேன். தபீதாள் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். அவ்வளவுதான்.

"ரயில்ல பூட்ச்சா?" என்றார் பாட்சா. திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். "மூணு நாளா எம்பொண்ணு சரியா சோறு துண்ணலம்மா. நான் வேற கைய நீட்டிட்டேன்." மகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் அவளுடைய முக்காட்டைச் சரிசெய்தார்.

"அப்ப அன்னிக்கும் சரியாத்தான் எழுதினேனா டீச்சர்?"

"நான் படிக்கலம்மா. ஆனா இன்னிக்கு எழுதினதைப் பார்த்தா, சரியாத்தான் எழுதியிருப்ப."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பழத்தை அப்பாவுக்குக் கொடுத்தாள். இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குன்னு வாங்கினது டீச்சர்."

வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பரீட்சை எழுதிய நாற்காலியிலேயே உட்கார்ந்து, தபீதாள் அம்மா கேட்டதை எழுதத் தொடங்கினேன்.