புருஷன் திட்டாமல் தூக்கமாட்டார்கள்

கூடத்தின் நடுவில் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நின்று அவளுடைய அண்ணன் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏண்டி கழுதை, போன தடவை என் வீட்டுக்கு வந்துட்டு கை நனைக்காமக் கிளம்பினியே, என் பொண்டாட்டி சமையல் அவ்வளவு கேவலமா?"

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு நகர, தங்கைக்காரி வந்தாள். "என் பச்சைப் புடவையைக் கட்டிட்டுப் போனவதானே நீ? கேட்டா உனக்கு அந்தக் கலர் எடுக்காதுன்னு சொன்ன, பிசாசே!"

லிஃப்ட் மெக்கானிக் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மனைவியின் சனத்துக்கு இதுதான் வழக்கம். செத்தவரைப் பார்த்து ஒப்பாரி வைக்கமாட்டார்கள், சண்டை போடுவார்கள். உறவு ஒவ்வொன்றும் வரிசையில் வந்து மனதில் கிடந்ததைக் கொட்டும். கட்டியவர் கடைசியில் திட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள்.

கல்யாணமான புதிதில் மாமனார் தவறியபோது மெக்கானிக் இதை முதன்முதலாகப் பார்த்தார். மாமியார் பிணத்தை நோக்கி விரலை நீட்டி, "குறட்டை விட்டே என் ஆயுசைக் குறைச்ச மனுஷா, இப்ப மட்டும் சத்தமில்லாமத் தூங்குறியா?" என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொல்லைக் குழாயடிக்கு ஓடி, இருமுவதுபோல் நடித்தார். பின்னாலேயே வந்தாள் மனைவி.

"இருமலா? பல்லெல்லாம் தெரியுது?"

"உங்க ஆளுங்களுக்கு அழவே தெரியாதா?"

"அழறதுக்கு என்ன, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் செத்தாக்கூட அழுகை வரும். திட்டறதுக்குத்தான் உரிமை வேணும். நான் போனா நீங்க என்ன திட்டுவீங்க?"

"நான் லிஃப்ட் மெக்கானிக்மா. நடுவுல மாட்டிக்கிட்டவங்ககிட்டத் திட்டு வாங்கித்தான் பழக்கம். கொடுத்துப் பழக்கமில்லை."

அவள் சிரித்தாள். அவர் எதைச் சொன்னாலும் சிரிப்பாள். வேறு எந்தக் காதும் சீந்தாத அவருடைய மொக்கைகளுக்கு அந்த வீட்டில் மட்டும் நல்ல மவுசு இருந்தது.

"மாப்பிள்ளை, வாங்க. உங்க முறை" என்று கூப்பிட்டார் மாமியார்.

மெக்கானிக் எழுந்தார். தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கமானவ. ஒரு குறை சொல்ல முடியாது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்."

மாமியார் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"தெருவுல போறவன் சொல்றதைச் சொல்றீங்களே மாப்பிள்ளை. என் பொண்ணு உங்களுக்கு யாரோவாப் போயிட்டாளா?"

"புருஷன் திட்டாமத் தூக்கமாட்டோம் மச்சான்" என்றார் அண்ணன். கோபம் இல்லை, கெஞ்சல்தான்.

தங்கைக்காரி அவர் காதருகே வந்தாள். "ஏதாவது சொல்லுங்க அத்தான். சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னாவது சொல்லுங்க."

"சமையல் நான்தாம்மா."

"துணி?"

"அதுவும் பாதி நான்தான்."

அவளே தவித்துப் போனாள். "சரி, உடம்புக்கு முடியலைங்கறதை மறைச்சாளே, அதையாவது கேளுங்க."

"மறைக்கலையே" என்றார் மெக்கானிக். "என்கிட்டச் சொன்னா."

சொன்னாள்தான். கொடியில் துணி போட்டுக்கொண்டே, "முதுகு என்னமோ பண்ணுதுங்க" என்றாள். "என்னைச் சுமக்கிற முதுகு பின்ன என்ன பண்ணும், டான்ஸா ஆடும்?" என்றார் அவர். ஈரத்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒருநாள் படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி படியில ஏறினா இப்படித்தான், தெய்வகுத்தம்" என்றார். அதற்கும் சிரித்தாள். கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாக அந்த முகம் அவர் பேச்சுக்கு அசையாமல் கிடந்தது.

"ஏண்டி சிரிச்ச?"

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"வலிக்குதுன்னு நீ சொன்ன. நான் கேனத்தனமா ஏதோ உளறினேன். ஏண்டி சிரிச்ச? மூஞ்சியில ஒண்ணு விட்டிருக்கலாமே! 'வாயை மூடுய்யா, வலிக்குது'ன்னு ஒரு வார்த்தை! அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேனேடி. என் முகம் வாடிடும்னா சிரிச்ச? இப்ப வாடலையா? பாரு! கண்ணைத் திறந்து பாருடி! என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கச் சொல்லி யாருடி உன்கிட்டக் கேட்டா? உலகத்துல வேற ஒருத்தரும் சிரிக்கலையே, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்குவதற்குக் குனிந்தார். மாமியார் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இருடா. மாப்பிள்ளை இன்னும் முடிக்கலை."

மெக்கானிக் தரையில் மண்டியிட்டு, அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "பொய்க்காரி... அழுத்தக்காரி... சண்டைக்கு வாடி..."

ஹாரன் மறுபடி அடித்தது. அவருக்கு முடிக்கத் தெரியவில்லை.