காவல்கட்டு இல்லாத படம்

லண்டன் வாரப் பத்திரிகையின் அறுவடைச் சிறப்பிதழ் வந்து சேர்ந்த அன்று காலை மெல்லிங்ஹோ தேவாலயத்துக்குக் கோபுரம் முளைத்திருந்தது. பழைய கோபுரம் பாட்டன்மார் காலத்துப் புயலில் விழுந்துபோனது. விழுந்த கல்லை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போய்ப் பன்றிக்கொட்டிலுக்குச் சுவர் வைத்துக்கொண்டார்கள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கு சஃபோக் வட்டாரச் சந்தைகளில் வாற்கோதுமை விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. கோபுரம் நின்றது. கல்லறைக் குழி வெட்டும் ஈனோக் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். சாலையைப் பார்த்த பக்கம் மட்டும்தான் இருக்கிறது, பின்பக்கமே கிடையாது, அங்கே எழுதாத காகிதம் மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது என்று சொன்னார். இருக்கிற பக்கத்துக்கு நன்றி சொல்வோம் என்றார் பாதிரியார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே நன்றியும் சொன்னார்கள்.

காரணத்தை ரொட்டிக்கடைச் சுவரில் பார்க்க முடிந்தது. பாதிரியார் வீட்டில் படித்து முடித்த பத்திரிகை ரொட்டிக்கடைக்கு வருவதும், படமுள்ள பக்கத்தைக் கடைக்காரர் சுவரில் ஆணியடித்து மாட்டுவதும் வழக்கம். இம்முறை இரண்டு பக்கத்துக்கு விரிந்த படம் அவர்களுடைய ஊரேதான். ஜூன் மாதம், கோதுமை இன்னும் பச்சையாக நின்றபோது, க்ளூயட் என்ற ஓவியர் வந்து சத்திரத்தில் தங்கி வரைந்துகொண்டு போயிருந்தார். அறுவடைப் படம் அறுவடையன்று வெளிவர வேண்டுமென்றால் அறுவடைக்கு முன்பே வரைந்தாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் நியாயம். ஆகவே ஊர்ப் பொதுப் புல்வெளியில் பெண்களை நிறுத்தி, முந்தானையைப் போல முன்னால் கட்டும் துணியில் காய்ந்த புல்லை அடைத்து, கதிர் பொறுக்குகிற மாதிரி குனியச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள், ஆனாலும் குனிந்தார்கள். க்ளூயட் பொய் சொல்லும் ஆள் இல்லை. கோபுரம் இல்லாவிட்டால் லண்டன்காரர்கள் அதை ஒரு கிராமம் என்றே நம்பமாட்டார்கள் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

லண்டனில் அந்தப் படத்தைப் பாக்ஸ் மரக்கட்டையில் ஏற்றினார்கள். பாக்ஸ் மரம் பருமனாக வளராது. அதனால் சின்னச் சின்னத் துண்டுகளை மரையாணி போட்டு முறுக்கி ஒரே பலகையாக்குவார்கள். படத்தை வரைந்ததும் ஆணியைக் கழற்றித் துண்டுக்கு ஓர் ஆளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் வானம் மட்டும் செதுக்குவார், ஒருவர் இலை, ஒருவர் முகம். பிறகு மறுபடி சேர்த்து முறுக்கி அச்சடிப்பார்கள். செதுக்கியவர்களில் ஒருவர்கூட மெல்லிங்ஹோவைப் பார்த்ததில்லை. கூரைத் துண்டு கிடைத்தவர் நல்ல கூரையாகவே செதுக்கினார். ஓட்டைக் கூரையைச் செதுக்குவதற்குத்தான் வேலை அதிகம். துண்டுகள் சரியாக இறுகாத இடத்தில் படத்தின் குறுக்கே மயிரிழை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோடு இப்போது பாதிரியார் வீட்டு மதிலில் தொடங்கி, வாத்துக் குளத்தைக் கடந்து, சத்திர வாசல்வரை ஓடியது. பசுக்கள் அதைத் தாண்டும்போது மட்டும் காலை உயர்த்தி வைத்தன. அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் கட்டையில் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டும். கடைசியில் அவசரமாக வரைந்த கொல்லர் ஆமோஸ் ஃபென்னை மட்டும் க்ளூயட் திருப்ப மறந்துவிட்டார். ஆமோஸ் அன்று முதல் இடதுகையால் சம்மட்டி அடித்தார். முன்னைவிட நேராக விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள்.

அதிகம் மாறியது ஹெஸ்டர் பாஸ்க்கின் வீடுதான். அவள் கணவன் முந்தைய ஆண்டு வைக்கோல் வண்டியின் உச்சியிலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தான். மூன்று பிள்ளைகள். சாக்கு வைத்து அடைத்திருந்த அவள் கூரை ஒரே காலையில் புதிதாக வேய்ந்ததுபோல் ஆனது. கதவைச் சுற்றி ரோஜா பூத்தது. அச்சு கறுப்பு மையில் இருந்ததால் ரோஜாக்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன, மழை நாளில் லேசாக மை வாடை அடித்தது. அடுப்பில் ஒரு சுள்ளிகூட இல்லாமல் புகைபோக்கியில் புகை வந்தது. புகைபோக்கிச் சுவர் கதகதப்பாக இருந்ததால் பிள்ளைகள் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள். ஆனால் க்ளூயட் வீட்டுக்கு வெளியே நின்றுதான் வரைந்தார். அலமாரிக்குள் முன்பு என்ன இருந்ததோ அதுதான் இப்போதும் இருந்தது. அதாவது ஒன்றும் இல்லை.

"ஏன்டி, ரோஜா வரைஞ்சான், கூரை வரைஞ்சான். உள்ள ஒரு ரொட்டியையும் வரைஞ்சிருந்தா அவன் பென்சிலு தேஞ்சா போயிரும்?" என்று பக்கத்து வீட்டு கெசாயா கேட்டாள்.

"உள்ள வந்து பாக்கலையே அவரு. பாத்த வரைக்கும் நல்லாத்தான் பண்ணியிருக்காரு. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள் ஹெஸ்டர்.

ரொட்டி வயலிலிருந்துதான் வர வேண்டும். அறுத்த கோதுமையை வண்டியேற்றிய பின் சிந்திக் கிடக்கும் கதிரை ஊர்ப் பெண்கள் பொறுக்கிக்கொள்வார்கள். கூலிக்காரக் குடும்பத்துக்குக் குளிர்கால மாவு அதுதான். மாவு இல்லாதவர்கள் ஏழைவிடுதிக்குப் போனார்கள். அங்கே தாயை ஒரு கட்டடத்திலும் பிள்ளைகளை இன்னொன்றிலும் வைப்பார்கள். கதிர் பொறுக்குவதற்கு முறை ஒன்று உண்டு. வண்டி எல்லாம் போன பிறகும் வயல் நடுவில் ஒரு கதிர்க்கட்டு நிற்கும். அதற்குக் காவல்கட்டு என்று பெயர். அது நிற்கும்வரை ஒரு பெண்ணும் வயலில் கால் வைக்கமாட்டாள். விவசாயி தன் கையால் அதை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ராணி கைமணி அடிப்பாள், எல்லோரும் இறங்குவார்கள். முந்திக்கொண்டு இறங்கியவளின் கதிரைக் கொட்டி ஊரே மிதிக்கும். அந்த ஆண்டு ராணியாக ஹெஸ்டரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

க்ளூயட் பெண்களைப் படத்தில் இறக்கிய வயல் ஜொசையா போரெட்டுடையது. அந்த ஆண்டு அவர் குதிரை இழுக்கும் வாரி ஒன்று வாங்கியிருந்தார். பெரிய இரும்புச் சீப்பு போன்றது; தரையில் ஒரு கதிர் விடாமல் வாரிவிடும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். காவல்கட்டை எடுக்காமல் நிறுத்திவைத்து, வயலை வாரி முடித்து, மிச்சத்துக்குப் பன்றிகளை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. அவர் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. மனத்தாங்கலில் இருந்தார் என்றுதான் சொன்னார்கள். ஜூன் மாதம் நல்ல மேலங்கி போட்டுக்கொண்டு வயல் வாசலில் நாள் முழுக்க நின்றிருந்தார். க்ளூயட் அவரையும் வரைந்தார்தான். ஆனால் ஓரத்தில் ஒரு தடித்த மனிதர் நிற்பதால் படம் ஒரு பக்கம் சாய்கிறது என்று பத்திரிகையில் யாருக்கோ தோன்ற, செதுக்குபவர் அவரைக் கட்டையிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டார். வயல் வாசலில் அந்த இடத்தில் இப்போது ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை இருந்தது. போரெட் அதைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவார்.

கடைசி வண்டி போன மறுநாள் காலை, அவர் வாரியைப் பூட்டி வயலில் ஓட்டினார். முதல் சுற்றில் சீப்பின் பற்களில் ஒரு கதிர்கூடச் சிக்கவில்லை. இரும்பு மேலே போனது, கதிர்கள் கீழே கிடந்தபடி கிடந்தன, படத்தில் கிடந்த மாதிரியே. இரண்டாம் சுற்றில் அவர் திரும்பிப் பார்த்தபோது வயலில் பெண்கள் இருந்தார்கள். யாரும் நடந்து வந்து இறங்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தவள், மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவள், கிணற்றில் வாளி இறைத்துக்கொண்டிருந்தவள், எல்லோரும் ஜூன் மாதம் குனிந்த அதே வரிசையில், முன்துணி நிறையக் கதிருடன் குனிந்து நின்றார்கள். கெசாயாவின் ஒரு காலில் மட்டும் காலுறை இருந்தது. படத்தில் காவல்கட்டு கிடையாது. அப்படி ஒன்று உண்டென்பது க்ளூயட்டுக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் பெண்களை மறைக்கிறதென்று விட்டிருப்பார். ஆனால் வயலில் அது நின்றுகொண்டிருந்தது.

முதலில் நிமிர்ந்தவள் ஹெஸ்டர். கட்டைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். அத்தனை கனமாக அவள் மடி ஒருநாளும் இருந்ததில்லை.

"கொட்டுங்க" என்றாள்.

"கொட்டவா? பைத்தியமாடி ஒனக்கு?" என்றாள் கெசாயா. "நாமளா எறங்குனோம்? படம்ல கூட்டிட்டு வந்துச்சு! அதுல கட்டே இல்ல, நல்லா பாத்தியா இல்லையா?"

"படத்துல இல்ல. இங்க நிக்குது. எனக்குக் கண்ணு இருக்கு."

"மூணு புள்ளைய வச்சிக்கிட்டு பேசுற பேச்சா இது?"

"என்னை ராணின்னு வச்சது யாரு? நீதானே மொதல்ல கைதூக்குன. அப்ப கொட்டு."

கொட்டினார்கள். கெசாயா வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கொட்டினாள். வயலைவிட்டு வெளியே போய் வேலி ஓரமாக நின்றார்கள். மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும். காலையில் படம் அவர்களை வயலில் வைத்தது, மடியை நிறைத்தது; ஹெஸ்டர் நிமிர்ந்து கட்டைப் பார்த்தாள்; எல்லோரும் கொட்டிவிட்டு வெளியேறினார்கள். போரெட் வாரியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பன்றிகளை இறக்கிப் பார்த்தார். படத்தில் பன்றி இல்லாததால் அவை வாசலைத் தாண்டவில்லை. கடைசியில் குதிரையை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார்.

"ஏம்மா ஹெஸ்டர், எதுக்கும்மா கொட்டுறே? என் வாரிக்கு வராத கதிரு ஒன் மடிக்குத் தானா வருது. எடுத்துட்டுப் போனா நான் தடுக்கவா முடியும்?"

"கட்டு நிக்குதுங்களே ஐயா."

"நான் எடுக்கவே இல்லைன்னா?"

"எடுக்கிற வரைக்கும் கொட்டுவோங்க."

"குளிர்காலத்துக்கு என்ன பண்ணுவே?"

"ஏழைவிடுதிக்குப் போவேன். என்னை ஒரு பக்கம், புள்ளைங்களை ஒரு பக்கம் வைப்பாங்க. அது என் பாடு. கட்டை எடுக்கிறது உங்க பாடு. உங்க பாட்டை நான் செய்ய முடியுங்களா?"

போரெட் வயலைத் திரும்பிப் பார்த்தார். பத்திரிகை அவரைச் சுரண்டி எறிந்திருந்தது. வாங்கிய இரும்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை, விளைந்த கதிர் கேட்கவில்லை, பன்றிகூடக் கேட்கவில்லை. அந்த வயலுக்கு அவர்தான் எஜமான் என்பதை இன்னும் ஒத்துக்கொண்டிருந்தது, மடியிலிருந்த ரொட்டியை மண்ணில் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் நின்ற இந்தப் பெண் ஒருத்திதான். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். வயல் நடுவுக்குப் போய்க் காவல்கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல் வழியாக நடந்தார். அவ்வளவு நாளும் சுற்றிப்போன வெள்ளையை இம்முறை சுற்றவில்லை. அதற்குள் நுழைந்து வெளியே வந்தபோது அங்கே வெள்ளை இல்லை, சாதாரணப் புல்தான் இருந்தது. ஹெஸ்டர் கைமணியை அடித்தாள். அன்று மாலை ரொட்டிக்கடைப் படத்தில், வலது ஓரம், தோளில் கட்டுடன் ஒரு தடித்த மனிதர் நின்றார். மூக்கு கொஞ்சம் பெரிதாக வந்திருக்கிறது என்பது தவிர யாரும் குறை சொல்லவில்லை. தம்முடைய பிரதியில் அப்படி ஒருவர் இல்லை என்று பக்கத்து ஊர்ப் பாதிரியார் சொன்னபோது, பாவம், அவருக்குப் பழைய பிரதி கிடைத்திருக்கிறது என்று இரக்கப்பட்டார்கள்.

பொறுக்கப் பொறுக்கக் குறையாமல் இருந்த கதிர், எல்லோர் வீட்டு மூட்டையும் நிறைந்த பிறகு நின்றது. மாவு லேசான சாம்பல் நிறம். ஹெஸ்டர் முதல் ரொட்டியைச் சுட்டு, துணியில் சுற்றி, போரெட் வீட்டுச் சமையலறை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவர் நின்றபடியே ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார்.

"உப்பு கம்மி."

"உப்பை வயல்ல பொறுக்க முடியாதுங்களே ஐயா."

அவர் சிரித்ததை அவர் மனைவியே அன்றுதான் பார்த்ததாகச் சொல்வாள். மறுநாள் ஹெஸ்டர் வீட்டுக்கு உப்பு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் மெல்லிங்ஹோவிலிருந்து ஒருவரும் ஏழைவிடுதிக்குப் போகவில்லை. ஹெஸ்டரின் பிள்ளைகள் மூவரும் ஒரே சுவரில் முதுகை வைத்து வளர்ந்தார்கள். மூத்தவள் கல்யாணமாகிப் போனபோதும் புகைபோக்கி புகைந்துகொண்டுதான் இருந்தது. வாரியைப் போரெட் வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றார். அங்கே அது நன்றாக வேலை செய்ததாகக் கேள்வி. க்ளூயட் மறுபடி வரவே இல்லை. ஆனாலும் நன்றி சொல்லும் ஞாயிறுகளில் மழைக்கும் வெயிலுக்கும் அடுத்தபடியாக அவர் பெயரையும், பெயர் தெரியாத அந்தச் செதுக்குபவர்களையும் பாதிரியார் சேர்த்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பாதிரியார்களும் காரணம் கேட்காமல் அதைத் தொடர்ந்தார்கள்.

படம் தன் வழக்கத்தை விடவில்லை. ஆண்டுதோறும் கடைசி வண்டி போன மறுநாள் காலை, எந்த வேலையில் இருந்தாலும், பெண்கள் வயலில் குனிந்திருப்பார்கள். அவர்கள் நிமிர்வதற்குள் கட்டை எடுத்துவிட வேண்டும் என்று போரெட் விடியலுக்கு முன்பே எழப் பழகிக்கொண்டார். அவருக்குப் பின் அவர் மகனும் பழகிக்கொண்டான். அதை யாரும் ஒரு தொந்தரவாக நினைத்ததில்லை. அன்றைக்குக் காலையில் மட்டும் மெல்லிங்ஹோவில் எந்தப் பெண்ணும் அடுப்பில் பால் வைப்பதில்லை.